ஆயாவின் பசைக் கிண்ணம்

என் தாயாரைப் பெற்ற ஆயா, சென்ற ஐப்பசியில் தமது எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் வெறுமனே "ஆச்சி வீடு" என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. தெருவுக்குப் பத்து ஆச்சிகள் இருக்கிறார்கள். "லைப்ரரி ஆச்சி வீடு" என்றால்தான் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பணி ஓய்வு பெற்று இருபத்தேழு ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

ஆயாவின் கணவரான ஐயா, பர்மாவில் கொண்டுவிற்று வணிகம் செய்து கொண்டிருந்தவர். 1964இல் அங்கே கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீளும் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண்கள் இருந்தன. மாதச் செலவுக்குப் பணம் இல்லை. ஆயா பள்ளியிறுதி முடித்திருந்தார். அதன்மேல் நூலகச் சான்றிதழ்ப் படிப்பையும் முடித்துக் கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டு மருமகள் சம்பளத்துக்குப் போவதா என்று அவருடைய மாமியார் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நாலாவது மாதம் பேசியதற்குச் சம்பளக் கவரே காரணம் என்று ஆயா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த நூலகமே ஒரு செட்டியார் வீட்டின் முகப்பில், வாடகைக்கு நடந்தது. காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், தலைக்கு மேலே ஓட்டை ஓடு. மழைக்காலத்தில் அலமாரிகளை நகர்த்துவதே பாதி வேலை. பழைய புத்தகங்களில் இராமநாதபுரம் மாவட்ட முத்திரை இருக்கும். 1985இல் மாவட்டம் பிரிந்த பிறகு வந்தவற்றில் சிவகங்கையின் பெயர் இருக்கும். முத்திரையைப் பார்த்தே ஒரு புத்தகம் எத்தனை மழைக்காலத்தைத் தாண்டியது என்று எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். முதுகில் எழுதிய எண்களையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் புத்தகங்களை வகை பிரிக்க வகுத்த முறையில் ஆங்கில எழுத்து ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், அதன் பிறகு 1 வந்தால் கவிதை, 3 வந்தால் கதை. ஏழு வயதில் "எனக்கு ஓ 31,3 வேண்டும்" என்று நான் கேட்டதை ஆயா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அங்கே வந்து உட்கார்ந்து படித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களும் பெரும்பாலும் செய்தித்தாள் படிப்பவர்கள். பெண்கள் வாசலைத் தாண்டத் தயங்கினார்கள். எனவே ஆயா அவர்கள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போட்டு, மாலையில் நூலகத்தைப் பூட்டிய பிறகு, பனையோலைக் கொட்டானில் ஏழெட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கொட்டானில் வெற்றிலையும் பலகாரமும் கொண்டுபோகும் ஊரில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஓசியில் வாங்கிப் படிக்கக் கூச்சப்பட்டவர்களிடம், "இது உங்க வீட்டு வரியில வாங்குன புத்தகம் ஆச்சி, ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியாப் போட்டிருக்கும்" என்பாராம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. புதிதாக வரும் நாவல் முதலில் இந்தக் கொட்டானில்தான் ஏறும். அது விதிப்படி சரியா என்று பத்திரிகை படிக்கும் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு, "நீங்க நாவல் படிக்கிறதில்லையே அண்ணே" என்று முடித்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. எங்கள் வீட்டில் அது பசை காய்ச்சும் நாள். செட்டிநாட்டு ஆச்சி என்றதும் கைப்பக்குவத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: ஆயாவின் சமையல் சுமார்தான். கவுனி அரிசி அடுப்பில் இருக்கும்போது புத்தகத்தைப் பிரித்துவிடுவார், அது அடிப்பிடித்துவிடும். ஆனால் மைதாப் பசை ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. எனாமல் கிண்ணத்தில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்து, கண்ணாடி போலத் தெளியும் வரை கையெடுக்காமல் கிண்டுவார். வேறொரு தம்ளரில் வெந்நீர் விட்டு ஒரு சிட்டிகை மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து அதில் ஊற்றுவார். பசை இலேசான நீல நிறத்துக்கு மாறும். அந்த நீலம் இருக்கும் இடத்தை இராமபாணப் பூச்சி நெருங்காது என்பது அவர் கணக்கு. பிறகு முதுகு பிரிந்த புத்தகத்தை மடியில் குப்புறப் போட்டு, மெழுகு பூசிய நூலால் தாள்களைத் தைத்து, காடாத் துணியை ஒட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார். மறுநாள் காலை பல் துலக்குமுன் குழவியை இறக்கிப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

ஆறாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக் கண்காட்சிக்காக, தொகுத்துக் கட்டிய சிறுவர் இதழ் ஒன்றிலிருந்து ஒரு கப்பல் படத்தை நான் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஆயா வழக்கம்போல் கட்டைவிரலால் பக்கங்களை ஓட்டிப் பார்த்தார். விரல் அந்த இடத்தில் நின்றது. திட்டவில்லை. கப்பலுக்குப் பின்பக்கம் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு கதையின் முடிவு இருந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை என்னைப் பேருந்தில் காரைக்குடிக்கு அழைத்துப்போய், தமக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்த அதே இதழை வாங்கி, அந்த முடிவை ஒரு தாளில் மையால் எழுத வைத்தார். மூன்று முறை அடித்தல் திருத்தல் வந்து மூன்று முறையும் தாளை மாற்றினார். "படம் உனக்குப் போச்சு ஆத்தா, கதை ஊருக்கு வேணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே நீலப் பசையால் அதை ஒட்டினார். சேதத்துக்கான தொகையைத் தம் சுருக்குப் பையிலிருந்து கட்டி, என் பெயருக்கு ரசீதும் எழுதினார். அம்மா அந்த ரசீதை இன்றும் வைத்திருக்கிறார், என்னை வம்புக்கு இழுப்பதற்காகவே.

ஓய்வு பெற்ற பிறகு ஆயாவைக் கோபப்படுத்தியது ஒன்றுதான். பங்காளிகள் பாகம் பிரிக்க முடியாமல் வீட்டையே இடிக்கும்போது, தூணும் நிலையும் கதவும் விலை பேசிப் போகும். கண்ணாடிச் சட்டமும் எனாமல் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகும். புத்தகங்களும் பத்தாயக் கணக்கேடுகளும் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரருக்குப் போகும். இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் ஆயா கொட்டானோடு கிளம்பிவிடுவார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தமிழ்ப் புத்தகச் சேகரத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியதும், அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்ததும் உலகறிந்தவை. நம் பக்கத்துச் சொத்து பட்டணத்துக்குப் போய்விட்டதே என்று யாராவது வருத்தப்பட்டால் ஆயா ஒத்துக்கொள்ள மாட்டார். "இங்க இருந்தா கறையானுக்குத்தான் மொய் எழுதியிருப்போம்" என்பார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஊரிலேயே காக்கும் வழியையும் நாம் தேடியிருக்கலாம். இதை அவரிடம் சொல்லி வாதாடியும் இருக்கிறேன். வாதத்தின் முடிவில், "அப்ப நீ வந்து பசை காய்ச்சு" என்றார். நான் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

கடைசி மூன்று ஆண்டுகள் பார்வை மங்கிவிட்டது. பங்குனியில் கம்பன் விழாவுக்குப் போக முடியாததை மட்டும் ஒரு குறையாகச் சொன்னார். கொட்டானில் புத்தகம் வாங்கிப் படித்த வீடுகளின் மகள்களும் மருமகள்களும் முறை வைத்து வந்து வாசித்துக் காட்டினார்கள். வாசிப்பவர் சலித்துப்போய் ஒரு பக்கத்தைத் தள்ளினால், "நடுவுல ஒரு தாள் காணோமே" என்பார்.

காரியமெல்லாம் முடிந்து அவருடைய அறையை ஒதுக்கியபோது சொந்தப் புத்தகம் என்று பதினொன்றுதான் இருந்தன. சமையற்கட்டு அலமாரியின் மேல்தட்டில் எனாமல் கிண்ணம், ஊசி, நூல்கண்டு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால்வாசி மயில்துத்தம். பாட்டிலில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு, நாலு மூலையும் பிரியாமல் ஒட்டியிருந்தது: "விஷம். பிள்ளைகள் தொடக் கூடாது. புத்தகத்துக்கு மட்டும்." அம்மா அதை எறிந்துவிடலாம் என்றார். நான் பெங்களூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். மைதாவை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்றுதான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.