நீர்முள்ளி முற்றும்வரை

டிசம்பர் 27
பூங்காக் குளத்தங்கரையில் நீர்முள்ளிச் செடி இன்னும் பச்சைதான், விதை எடுக்க முடியாது. தெருமுனையில் மெஷின் சத்தம், புல் வெட்ட வந்துவிட்டார்களோ என்று ஓடினேன். மின்கம்பி மேல் சாய்ந்த கிளையை வெட்ட வந்தவர்கள்.

டிசம்பர் 30
பொங்கலுக்குள் பூங்கா முழுக்க மொட்டை அடித்தாக வேண்டுமாம். காணும் பொங்கலுக்குக் கூட்டம் வரும், புல் உயர்ந்திருந்தால் பாம்பு என்று புகார் போகும், புகார் போனால் பில் நிற்கும். புல் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி அண்ணன் சொல்வது நியாயம். குளத்தங்கரையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். "எதுவரைக்கும்மா?" விதை முற்றும்வரை. அவருக்குத் தேதி வேண்டும், செடியிடம் தேதி இல்லை.

ஜனவரி 2
கணுவுக்குக் கணு முள். கையுறையைத் தாண்டிக் குத்துகிறது. அடிக்கணுவில் இரண்டு காய் பழுப்பு, மேலே இன்னும் ஊதாப்பூ. நீர்முள்ளி விதை நனைந்தால் கோந்தாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காயவைத்துப் பிரிக்க முடியாது. அதனால் மார்கழிப் பனி காய்ந்த பிறகே கை வைக்கலாம், அதற்குப் பத்து மணியாகும். மெஷின் ஏழுக்கே வந்துவிடும்.

ஜனவரி 5
கிழக்கு மூலையில் பார்த்தீனியக் களை மொட்டு விட்டிருக்கிறது. இதைத்தான் முதலில் வெட்ட வேண்டும், வெள்ளைப்பூ வந்து விதை விழுந்தால் அடுத்த மழைக்கு மொத்த இடமும் அதற்கே. அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, எதை எப்போது என்பதுதான்.

ஜனவரி 8
சாரல். எல்லாம் நனைந்துவிட்டது.

ஜனவரி 9
தூக்கம் வரவில்லை. இந்த விதைகளைத் தூவப்போகும், தூர் வாரிய ஏரியைப் போய்ப் பார்த்ததுதான் காரணம். கரை உயர்ந்திருக்கிறது, தண்ணீரும் நிற்கிறது, ஆனால் ஓரத்தில் ஒரு கோரை இல்லை, ஏனென்றால் சேற்றோடு சேர்ந்து அதில் வருஷக்கணக்காக உறங்கிக் கிடந்த விதைகளும் லாரியில் போய்விட்டன, இனி அங்கே தானாக வரப்போவது ஆகாயத்தாமரையும் சீமைக் கருவேலமும்தான். நர்சரியில் கேட்டால் அரளியும் குரோட்டன்ஸும் கொடுப்பார்கள். நீர்முள்ளிக்கும் கோரைக்கும் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இருப்பது நம் பூங்காக் குளத்தின் ஓரம் மட்டும். அதையும் மெஷினில் சுழலும் நைலான் கயிறு ஒரு காலையில் வழித்துவிடும்.

ஜனவரி 10
இன்றும் ஈரம்.

ஜனவரி 12
சம்மதித்துவிட்டார்! நடைபாதை ஓரம் ஒரு முழம் ஒட்ட வெட்டிவிடுவது, குளத்தைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டுவது, கயிற்றுக்கு உள்ளே மெஷின் போகாது. ஓரம் சீராக இருந்தால் உள்ளே வளர்ந்து நிற்பதை யாரும் காடு என்று சொல்லமாட்டார்கள். பார்த்தீனியத்தில் ஓடிய மெஷினைக் கழுவாமல் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்றேன், அதற்கும் தலையாட்டினார்.

ஜனவரி 13
போகி. புகை, இருமல். வெட்டிய புல்லைக் கொளுத்தாமல் பார்த்துக்கொள்ளவே பொழுது போயிற்று.

ஜனவரி 17
நேற்றுக் கூட்டத்தில் கயிறு ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, உள்ளே தட்டும் பாட்டிலும். செடிகள் நிற்கின்றன. பத்தரைக்கு ஆரம்பித்தோம். கோரைக்கதிரை உருவினால் விதை உதிர்கிறது, உள்ளங்கையில் பழுப்புப் பொடி மாதிரி. பழுத்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுப்பது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம், மீதி குளத்துக்கும் சில்லைக் குருவிக்கும். செய்தித்தாளில் பரப்பி நிழலில் வைத்திருக்கிறேன், மின்விசிறியை யாரும் போடக்கூடாது. கோரை விதையைப் புதைக்கக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும், ஈரச்சேற்றின் மேல் தூவினால் போதும் என்று ஏரிக்காரர்களிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

நீர்முள்ளி பாதிதான் ஆகியிருக்கிறது.

ஜனவரி 20
அண்ணனை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். நாளை ஏழு மணிக்குப் புது ஆள், மெஷினோடு. கயிறு எதற்கு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆறரைக்கே போய்விட வேண்டும்.