பவேயானில் அம்மாவின் வீடு: ஓராண்டுக் கெடுவும் மூன்று பயணமும்

கெடு முடிய இன்னும் பதினொரு நாள்தான் என்ற நிலையில், 2024 நவம்பர் 22 அன்று காலமான அம்மாவின் பவேயான் வீட்டுக்கான வாரிசுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவுதான் நானும் தங்கச்சியும் நிம்மதியாகத் தூங்கினோம். எங்களைப் போல இந்தோனேசியத் தீவுகளில் தாய்வழிச் சொத்து உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்கள் இன்னும் இருக்கும். எங்கே எல்லாம் இடறினோம் என்று அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அத்தா (அப்பா) கடையநல்லூர்க்காரர். அம்மா பவேயான். சிங்கப்பூரில் போயான்காரர்கள் என்று சொல்வோமே, அவர்களுடைய தீவு. சுரபாயாவுக்கு வடக்கே சுமார் 150 கி.மீ. தள்ளி ஜாவா கடலில் தனியாகக் கிடக்கிறது. நிர்வாகத்தில் அது கிரெசிக் மாவட்டத்தோடு சேர்ந்தது. சங்காபுரா, தம்பாக் என்று இரண்டே வட்டாரங்கள். ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் பிழைக்கப் போய்விடுவதால் 'பெண்கள் தீவு' என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. எங்கள் குடும்பத்தில் கப்பலேறியது அம்மா. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் கடைசி வரை இந்தோனேசியக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். சம்பாதித்த காசில் கிராமத்தில் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய மனை வாங்கி, ஓட்டு வீடு கட்டி, வாசலில் ஒரு துருங்கும் போட்டார். துருங் என்பது மேலே நெல் சேமிக்கவும் கீழே உட்கார்ந்து பேசவும் அந்த ஊரில் கட்டும் திறந்த மரப் பரண். நிலத்தின் உரிமைச் சான்றான சர்டிபிகாட் அம்மா பெயரில், 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமையோடு இருந்தது.

2023 டிசம்பர் 3 அன்று அம்மா இறந்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பெண்கள். இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள்.

சிக்கலே இங்கேதான். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஹக் மிலிக் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்கு வாரிசாக வந்து சேர்ந்தால் ஓராண்டுக்குள் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை ரத்தாகி நிலம் அரசுக்குப் போய்விடும். 'ஹக் பகாய்' என்னும் பயன்பாட்டு உரிமையாக மாற்றலாமா என்று யோசித்தோம். அது அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கானது. எங்கள் இருவருக்கும் வேலையும் பிள்ளைகளும் இங்கே. அதனால் அந்த வழியை விட்டோம்.

நல்லவேளையாக மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, இந்தோனேசியக் குடிமகன், தீவிலேயே மீன்பிடித் தொழில். ஆண் பிள்ளை இல்லாததால் இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி எங்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, மீதி ஒரு பங்கு மாமாவுக்கு. ஆக அவரும் வாரிசு. எங்கள் பங்கையும் மாமாவுக்கே விட்டு, மூவருமாகப் பிரித்துக்கொண்டதாக ஒரே பத்திரம் போட்டால் போதும். முதலில் எங்கள் பெயருக்கு மாற்றி அப்புறம் அவர் பெயருக்கு மாற்றத் தேவையில்லை. 1997ஆம் ஆண்டின் பதிவு விதிகள் இதற்கு இடம் தருகின்றன. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஒரு மாலைதான் ஆனது. காகிதங்கள்தான் பத்து மாதத்துக்கு மேல் இழுத்தன.

நோன்பு நேரத்தில், மார்ச் 22 அன்று, பவேயானுக்குப் பக்கத்துக் கடலில் 6.0, 6.5 என்று அடுத்தடுத்து இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். அம்மா வீட்டின் பின்சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்துவிட்டது. மாமா படம் அனுப்பினார். பெருநாள் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று அதைப் பார்த்ததும் முடிவு செய்தோம்.

முதல் பயணம் மே மாதம். ஜாவாக் கரையில் பத்திரங்கள் எழுதித் தரும் ஒரு நோட்டாரிஸ் அலுவலகத்தை ஒருவர் சொல்லியிருந்தார். அங்குள்ள உதவியாளர், "அம்மாவின் இறப்புச் சான்றிதழ், சர்டிபிகாட், உங்கள் பாஸ்போர்ட். இவ்வளவு போதும்" என்று வாட்ஸப்பில் எழுதினார். அதை நம்பி விமானம் ஏறினோம். எதிரில் உட்கார்ந்த பிறகுதான் பட்டியல் நீண்டது. சிங்கப்பூரில் 2022 மே முதல் இறப்புச் சான்றிதழ் டிஜிட்டல் கோப்புதான். நாங்கள் அச்சடித்துக் கொண்டுபோனதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்துக்கு வாங்கும் அப்போஸ்டில் என்ற அத்தாட்சி வேண்டுமாம். அதற்கு மேல், பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரின் இந்தோனேசிய மொழிபெயர்ப்பும் வேண்டுமாம். இதை வாட்ஸப்பிலேயே சொல்லியிருந்தால் சிங்கப்பூரிலேயே முடித்துக்கொண்டு வந்திருப்போம். இரு நாடுகளும் இப்போது அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தோனேசியாவுக்கு 2022 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. தூதரகத்துக்கு அலைய வேண்டாம். சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் வாங்கினால் போதும்.

அத்தோடு விடவில்லை. "உங்கள் அத்தா இந்தியர். அதனால் வாரிசுச் சான்றிதழை சுரபாயாவில் உள்ள பாலாய் ஹர்த்தா பெனிங்காலான் என்ற அரசின் வாரிசுச் சொத்து அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும்" என்றார். டச்சுக் காலத்து வழக்கம் அது. உள்ளூர் மக்களுக்கு ஒரு வழி, சீனருக்கு ஒரு வழி, அரபியர் இந்தியர் போன்றவர்களுக்கு ஒரு வழி. ஒரு நாள் முழுக்க அதற்காகப் போனது. சுரபாயாவில் இருந்த அதிகாரி பத்தே நிமிடத்தில் பொறுமையாக விளக்கினார்: இறந்தவர் பவேயான் பெண்மணி, அவருக்குக் கிராமத்தில் எழுதும் வாரிசு அறிக்கையே செல்லும். தவிர, இனம் பார்த்துப் பிரிக்கும் அந்த விதியையே 2021இல் மாற்றிவிட்டார்கள். என் அத்தாவின் பிறப்பைக் காரணம் காட்டி எங்களை அலையவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது இப்படிச் சொன்னால் 2021 திருத்தத்தைக் கேட்டு நில்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த உதவியாளர் சொன்னது சரி. கணவரும் வாரிசு என்பதால் அத்தா முன்பே இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும். அத்தா 2009இல் ஊருக்குப் போயிருந்தபோது கடையநல்லூரில் காலமானவர். ஆக, ஜாவா கடலில் உள்ள ஒரு மனைக்காகக் கடையநல்லூர் நகராட்சியில் இறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி எடுத்து, சென்னையில் மாநில அரசின் சான்று வாங்கி, அப்புறம் வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டில் ஒட்டி வர வேண்டியதாயிற்று. பெரியத்தா மகன் தன் வேலையை விட்டுவிட்டு இதற்காக ஓடினார். ஐந்து வாரம் ஆனது. அவர் இல்லையென்றால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இரண்டாம் பயணம் செப்டம்பரில். கிரெசிக்கிலிருந்து விரைவுக் கப்பலில் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் தீவு. கிராமத்து வேலை இரண்டே நாளில் முடிந்தது. துருங்கிலேயே உட்கார்ந்து வாரிசு அறிக்கை எழுதினோம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இருவர். பத்தாயிரம் ரூப்பியா மெதெராய் (முத்திரைத் தலை) ஒட்டி மூவரும் கையெழுத்து. பிறகு கிராமத் தலைவர், அதற்கு மேல் சாமாட் என்ற வட்டாரத் தலைவர். அம்மாவைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. அலுவலகத்தில் காத்திருந்தபோது காப்பி வந்தது, வறுத்த மீன் வந்தது.

கரைக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்த இடி. சர்டிபிகாட்டில் அம்மா பெயர் பழைய எழுத்துமுறையில், 'டிஜே' என்று தொடங்குகிறது. கடவுச்சீட்டிலும் இறப்புச் சான்றிதழிலும் வெறும் 'ஜே'. 1972இல் இந்தோனேசியா எழுத்துமுறையைத் திருத்தியபோது 'டிஜே' எல்லாம் 'ஜே' ஆனது. ஆனால் அம்மா மனை வாங்கிய நேரத்தில் தன் பழைய பள்ளிச் சான்றிதழைக் காட்டியிருக்கிறார். நோட்டாரிஸ் அலுவலகத்தில் இது வேறு ஆள் என்று சொல்லி எல்லாக் காகிதத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள். மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

இதற்கும் ஒரு கடிதம் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராமத் தலைவர் எழுதித் தரும் சான்று. மாமா கேட்ட அன்றே தலைவர் எழுதித் தந்தார். ஆனால் இதை முதல் நாளே பார்த்திருந்தால் அந்தத் துருங்கிலேயே முடிந்திருக்கும். தயவுசெய்து கிளம்பும் முன் எல்லாக் காகிதத்தையும் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும்.

இதற்கு நடுவில் ஒரு தரகர் வந்தார். தெரிந்த ஒருவர் பெயரில் நிலத்தை வைத்துக்கொண்டு, உண்மையில் அது உங்களுடையது என்று தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான் என்றார். செய்யாதீர்கள். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அப்படிப்பட்ட கைமாற்றத்தைச் செல்லாததாக்குகிறது; நிலமும் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. நாங்கள் மாமாவுக்கு விட்டது மனதார விட்டது. அதில் ரகசியக் காகிதம் எதுவும் இல்லை.

மூன்றாவது முறை வேறு நோட்டாரிஸிடம் போனோம். நிலப் பத்திரம் எழுதும் அதிகாரம் அவருக்கும் இருந்தது. இந்த அம்மையார் முதல் பேச்சிலேயே முழுப் பட்டியலையும் எழுதிக் கொடுத்தார், ஒவ்வொன்றின் படத்தையும் முன்கூட்டியே வாங்கிச் சரிபார்த்தார். வரி விஷயமும் அவரே பார்த்துக்கொண்டார். கையெழுத்து நவம்பர் 20 என்று முடிவானது.

20ஆம் தேதி மாமா வரவில்லை. அலை உயரம் என்று எச்சரிக்கை வந்து தீவிலிருந்து கப்பல் விடவில்லை. 21ஆம் தேதியும் இல்லை. டிசம்பர் பிறந்தால் மேற்குப் பருவக் காற்று. அப்போது நாள் கணக்கில் கப்பல் நிற்பது வழக்கம். கெடு டிசம்பர் 3. தங்கச்சி தொழுகை விரிப்பை விட்டு எழவே இல்லை. 22ஆம் தேதி காலையில் கப்பல் விட்டார்கள். பிற்பகலில் மாமா வாந்தியெடுத்த முகத்தோடு, சர்டிபிகாட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நோட்டாரிஸ் வாசலில் வந்து நின்றார். வருடத்தின் முதல் பாதியிலேயே கையெழுத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பிப்ரவரியில் மாமா பெயரில் பதிவு முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: பின்சுவருக்குப் புதுச் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறார்கள், சுண்ணாம்பு இன்னும் அடிக்கவில்லை. என்ன நிறம் அடிக்கட்டும், அக்கா பச்சைதானே வைத்திருந்தாள் என்று கேட்டிருந்தார்.

பச்சையே அடியுங்கள் மாமா என்று எழுதினேன்.