சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு: குரூப் 4 பொது அறிவுப் பகுதியை நான் கடந்த விதம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் 9 அன்று நடத்திய குரூப் 4 தேர்வின் உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும், கோட்டையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தமிழில் 100க்கு 91, திறனறிவில் 25க்கு 21, பொது அறிவில் 75க்கு 39. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 300க்கு 226.5 வந்தது. அது போதாது என்று அன்றே தெரிந்துவிட்டது. தரவரிசை வந்தபோது அதுவே உறுதியாயிற்று.

பொது அறிவில் தவறிய 36 கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். நான் கேள்வியே படாத செய்திகள் அவற்றில் ஏழெட்டுதான். மற்றவை யாவும் எங்கோ ஒரு வரியாகப் படித்தவை. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் மாதந்தோறும் கொடுத்த நடப்பு நிகழ்வுத் தொகுப்பை, முன்பின் தொடர்பு பார்க்காமல், ஒரு வரிக் கேள்வியும் ஒரு சொல் விடையுமாக மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் வந்தவையோ கூற்றும் காரணமும், பொருத்துக, சரியான இணையைத் தேர்ந்தெடுக்க என்ற வகைகள். அவற்றுக்கு ஒரு சொல் விடை உதவாது. அந்தத் தொகுப்பில் வேறொரு குறையும் இருந்தது: எண்ணிக்கைகள் இருந்தன, ஆனால் அவை எந்தத் தேதி நிலவரம் என்பது இல்லை. மாவட்டங்கள் 32 என்று ஒரு பக்கத்திலும் 38 என்று இன்னொரு பக்கத்திலும் அச்சிட்டிருந்ததை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

என் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். என் குறிப்பேடுகளை ஒரு நாள் வாங்கிப் புரட்டிவிட்டு, "என்னத்தா, எல்லாம் சிட்டையாவே கெடக்கு, பேரேட்டுல ஒண்ணுகூட ஏறலையே" என்றார். அன்றன்று நடக்கும் வரவு செலவைச் சிட்டையில் வரிசையாக எழுதுவார்கள். பிறகு அதிலுள்ள ஒவ்வொரு பற்றையும் வரவையும் உரியவர் பெயரில் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றியதற்கு அடையாளமாகச் சிட்டையில் பேரேட்டின் பக்க எண்ணைக் குறிப்பார்கள். பக்க எண் இல்லாத வரி இன்னும் கணக்குக்கு வராத வரி. அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஓராண்டு எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் புலப்பட்டுவிட்டது.

நானூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பாடத்திட்டத்தின் அலகுகளுக்கு ஏற்ப அறிவியல், புவியியல், வரலாறு, ஆட்சியியல், பொருளாதாரம், தமிழ்நாடு என்று பிரித்தேன். முதல் மூன்று மாதங்கள் செய்தித்தாளையே தொடவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களைப் படித்து, தலைப்புக்கு ஒரு பக்கமாக அடிப்படைச் செய்திகளை எழுதி, பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டேன். அதன் பிறகே நாள்தோறும் டவுன் பஸ்ஸில் காரைக்குடிக்குச் சென்று நூலகத்தில் இரண்டு நாளிதழ்களைப் படித்துச் சிட்டை எழுதத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு எட்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரவில் ஒவ்வொரு வரியையும் பேரேட்டில் உரிய பக்கத்தின் காலியிடத்தில் ஏற்றினேன். எந்தப் பக்கத்திலும் சேராத செய்தி பெரும்பாலும் தேர்வுக்கும் வேண்டாத செய்தியாகவே இருந்தது.

இதனால் விளைந்த பயனைச் சில எடுத்துக்காட்டுகளால் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு தரும் சட்டத்திருத்தம் நிறைவேறியதை எல்லோரும் படித்திருப்பார்கள். மசோதாவின் எண் 128. சட்டமான பிறகு அது 106ஆவது திருத்தம். இந்த இரண்டு எண்களையும் மாற்றி வைத்தே முதல் முறை குழம்பினேன். இம்முறை அந்தச் செய்தியை 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தத்துக்கான பக்கத்தில் ஏற்றினேன். ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 243டி உறுப்பும், தமிழ்நாடு 2016இல் அதை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியதும் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்குக் கீழே மக்களவைக்கு 330ஏ, சட்டப்பேரவைக்கு 332ஏ என்று எழுதியதும், ஒரே பக்கத்தில் ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை பெண்களுக்கான ஒதுக்கீடு முழுவதும் வந்துவிட்டது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்து எழுதியதால், கூற்று – காரணம் வகைக் கேள்வி எப்படி வந்தாலும் சமாளிக்க முடிந்தது.

எண்ணிக்கைகளைப் பென்சிலில் எழுதுவது என்ற வழக்கம் ராம்சார் பக்கத்தில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலுக்கான பக்கத்தில்தான் தொடங்கியது. 2024 ஜனவரியில் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் ராம்சார் ஈரநிலங்கள் 16. அந்த ஆகஸ்டில் நஞ்சராயனும் கழுவேலியும் சேர்ந்து 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20. ஏறத்தாழ ஓராண்டில் மூன்று விடைகள். சொல்லப்பட்ட தேதியில் மூன்றும் சரி. எங்கள் காரைக்குடியே இதற்கு இன்னொரு சான்று. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை ஆகியவற்றோடு காரைக்குடியும் மாநகராட்சியானபோது மாநகராட்சிகளின் எண்ணிக்கை 21இலிருந்து 25 ஆயிற்று. என்னிடமிருந்த வழிகாட்டி நூலில் அதற்குப் பிறகும் 21 என்றே இருந்தது. ஆகவே மாறக்கூடிய எண்ணைப் பென்சிலிலும், மாறாததைப் பேனாவிலும் எழுதி, ஒவ்வொரு பென்சில் எண்ணுக்கும் பக்கத்தில் மாதமும் ஆண்டும் குறித்தேன். ஐயம் வந்தால் தொகுப்பு நூலைப் பார்க்காமல் அரசுச் செய்திக்குறிப்பையே தேடிப் படித்தேன்.

தொல்லியலில் எண் மாறியதைப் படித்த நாள் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தை மயிலாடும்பாறை அகழாய்வின் முடிவு கி.மு. 2172 வரை கொண்டு சென்றிருந்தது. 2025 ஜனவரி 23 அன்று, சிவகளையில் கிடைத்த மாதிரிகள் அதைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்வதாக முதலமைச்சர் அறிவித்தார். கீழடியோ எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதால் அதன் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக்கு நன்றாகப் பதிந்திருந்தது. மூன்றையும் ஒரே பக்கத்தில் அந்தந்த மாவட்டத்தின் பெயரோடு, அதாவது கிருஷ்ணகிரி, தூத்துக்குடி, சிவகங்கை என்று எழுதியபோது பொருத்துகக் கேள்விக்கான பட்டியல் தானாகவே அமைந்தது.

சொந்த ஊர்ச் செய்தி நமக்குத் தெரியும் என்று நினைப்பதும் ஆபத்தானது என்பதைப் பயிற்சியின்போதுதான் உணர்ந்தேன். என்னோடு படித்த தோழியும் நானும் மாலையில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் எந்த மாவட்டம் என்று நான் கேட்டபோது, 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தை அவள் சொன்னாள். அது எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் என்று சொல்லி நான் சிரித்தேன். ஆனால் அடுத்த கேள்வியிலேயே, ஆச்சிமார் உடுத்துவதை நாள்தோறும் பார்க்கும் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு எனக்குத் தெரியவில்லை. அது 2019. ஊர்ப் பெருமையாக மட்டும் கேட்டிருந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டியதையும், 1953இல் அது திறக்கப்பட்டதையும், பத்தாம் வகுப்பு அறிவியல் குறிப்போடு அன்றிரவே சேர்த்தேன்.

கடைசி இரண்டு மாதங்களில் புதிதாக எதையும் படிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வுகளை மூன்று மணி நேரக் கணக்கில் எழுதி, தவறிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். இல்லையென்றால் புதுப் பக்கம் திறந்தேன்.

2025 ஜூலை 12 தேர்வில் தமிழ்ப் பகுதி எனக்கு முந்தைய முறையைவிடக் கடினமாக இருந்து 84 கேள்விகளே சரியாயின. திறனறிவில் 22. பொது அறிவில் 64. அந்தப் பகுதிதான் என்னை 255 மதிப்பெண்ணுக்குக் கொண்டு சேர்த்தது. சான்றிதழ்களைப் பதிவேற்றி, சென்னையில் சரிபார்ப்பையும் கலந்தாய்வையும் முடித்து, இளநிலை உதவியாளர் பணியைத் தேர்ந்தெடுத்தேன்.

பள்ளத்தூரிலிருந்து தங்கை முறையாகும் ஒரு பெண், அடுத்த தேர்வுக்காகப் பேரேட்டைக் கேட்டு வாங்கிச் சென்றாள். கொடுப்பதற்கு முன் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, பென்சிலில் எழுதியிருந்த எண்களையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவற்றை அவள் தேர்வெழுதும் ஆண்டின் நிலவரப்படி அவளே தேடி எழுதிக்கொள்வாள்.