தள்ளி நிற்க முடியாதவர்கள்

2020 மார்ச் 26 நள்ளிரவில் கொரோனாவுக்காகத் தென்னாப்பிரிக்கா ஊரடங்குக்குள் போனது. ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைப்பவர் எப்படித் தள்ளி நிற்பார்? அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டால்? டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தோ ஃபீனிக்ஸோ, இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் இரண்டாவது ஆள் ஒருவருக்கு இந்த வேலையை இப்போதே பழக்கி வையுங்கள்.

முதலில் படுக்கைப் புண். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். நாற்காலியில் அரை மணிக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடம் முன்னால் சாய்ந்து பாரத்தை எடுக்க வேண்டும். காலையும் இரவும் வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். தோல் சிவக்கும் என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். நம் கறுப்புத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது! புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடு, கடினம், ஊதா நிறம், ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் பாரமே படக் கூடாது. "சின்னதுதானே" என்று உட்காரவைத்தால் உள்ளே எலும்புவரை போய்விடும்.

புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தைக்கு மின்சாரம் வேண்டும். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டில் பம்ப் நின்றால் சில மெத்தைகள் அப்படியே அமுங்கி, உடம்பு கட்டில் பலகையில் இடிக்கும். அடியில் தடித்த ஃபோம் மெத்தை ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

சக்கரத்தைத் தள்ளும் வளையம் தெருவையெல்லாம் தொட்டு வருவது. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி ஜிக் (ப்ளீச் திரவம்) கலந்து துடைத்து, சற்று நேரம் விட்டு, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடையுங்கள். அப்படித் துடைக்காமல் விட்டால் இரும்பு அரிக்கும். கலவை அன்றன்றைக்குப் புதிது. வேறு எந்தக் கழுவு மருந்தையும் அதோடு சேர்க்கவே கூடாது, நச்சுக் காற்று கிளம்பும்.

கழுத்தில் அடிபட்டவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். இருமவும் வலு இருக்காது. தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் வேண்டும்.

சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய் ஒரு நாளைக்கு 4 முதல் 6, மாதத்துக்கு 180 வரை தேவைப்படும். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் மருந்துக்கடைகளும் சூறையாடப்பட்டன. கையில் பணம் இருந்தும் வாங்க வழியில்லை. ஆகவே ஒரு மாதக் கையிருப்பு.

அரசு உதவித்தொகையில்தான் நெஞ்சு கொதிக்கிறது. நோய்க்காலத்தில் நீட்டித்த தற்காலிக ஊனமுற்றோர் தொகை, 2020 டிசம்பர் கடைசியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரேயடியாக நின்றது. ஜனவரியில் கேப் டவுன் அருகே பெல்வில்லில், உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனமான சாசாவின் அலுவலக வாசலில் வரிசையில் நின்றவர்கள்மேல் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியது. உங்கள் தொகை தற்காலிகமா என்று கடிதத்தைப் பாருங்கள். முடியும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் செல்லாது. போக முடியாத நிலை என்றால், டாக்டர் கடிதத்தோடு வீட்டார் ஒருவர் போய் விண்ணப்பிக்கலாம்.