ஷட்டில் எப்போது வரும்?

நான் வேலை பார்த்த ஹோட்டலின் முன்பதிவுப் பக்கத்தில், நீச்சல் குளத்துக்கும் காலை உணவுக்கும் நடுவே ஒரு வரி இருந்தது: 'தீம் பார்க்குகளுக்கு இலவச ஷட்டில் பஸ் உண்டு'. அதை எழுதிய ஆள் ஒருநாளும் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். வரி பொய் இல்லை. பஸ் இருந்தது, டிக்கெட் கேட்கவில்லை, தீம் பார்க்குக்கும் போனது. ஆனால் அதை நம்பி அறை எடுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் நாள் காலையிலேயே வரவேற்பில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, ஜே-1 பயிற்சி விசாவில் அமெரிக்கா போனவன் நான். விருந்தோம்பல் துறைக்கு அந்த விசா அதிகபட்சம் 12 மாதம்தான். எனக்குக் கிடைத்த இடம் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குத் தெற்கே உள்ள கிஸ்ஸிமீ. அங்கே 192-ஆம் நெடுஞ்சாலை என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஹோட்டல்கள், மினி கோல்ஃப், மலிவு டி-ஷர்ட் கடைகள், பாதி ஆரஞ்சுப் பழத்தின் வடிவத்தில் கூரை போட்ட ஒரு கடை. எங்கள் ஹோட்டலும் அந்த வரிசையில் ஒன்று. பெயரில் 'ரிசார்ட்' இருந்தது. முழுப் பெயர் வேண்டாம்.

எங்கள் பஸ் போனது டிஸ்னி வேர்ல்டு என்ற தீம் பார்க் வளாகத்துக்கு. அங்கே போகாதவர்களுக்கு அதன் அளவு சட்டென்று பிடிபடாது. சுமார் 25,000 ஏக்கர். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவோடு திறந்தார்கள். பிறகு 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா, 1998-இல் அனிமல் கிங்டம். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்குப் பஸ், படகு, மோனோரயில், 2019 முதல் கேபிள் கார் என்று எல்லாம் உண்டு. வெளியே, எங்களைப் போன்ற ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வழி. வாடகைக் கார் எடுத்தால் பூங்காவில் நிறுத்தத் தினமும் தனிக் கட்டணம். இல்லையென்றால் ஷட்டில்.

அந்த ஷட்டிலை ஹோட்டல் ஓட்டவில்லை. விருந்தினர்கள் யாருக்கும் இது தெரியாது. நாங்களும் சொல்லக் கூடாது. வெளியே ஒரு பஸ் கம்பெனி, அந்தச் சாலையில் ஐந்தாறு ஹோட்டல்களுக்குச் சேர்த்து ஓட்டியது. எங்கள் இடம் வரிசையில் கடைசிக்கு முந்தியது. அட்டவணையில் 9 மணி என்று போட்டிருந்தால், அதற்கு முன்னால் மூன்று நான்கு ஹோட்டல் வாசல்களில் நின்று, ஆட்களை ஏற்றி, பிறகுதான் எங்களிடம் வரும். முதல் ஹோட்டலில் ஐந்து நிமிடம் தாமதமானால் எங்களிடம் வரும்போது அது இருபது நிமிடமாகிவிடும். தாமதமாக வரும் பஸ்ஸுக்கு அதிகம் பேர் காத்திருப்பார்கள், அதிகம் பேர் ஏற அதிக நேரம் ஆகும், அதனால் இன்னும் தாமதமாகும். பஸ் விடுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. அட்டவணை போட்டவருக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு குடும்பம் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசலில் நின்று பார்த்தால்தான் புரியும். இரட்டைக் குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முந்தின நாள்தான் வாடகைக்கு எடுத்திருப்பார்கள், மடக்கிப் பழக்கமே இருக்காது. அப்பா ஒரு தோளில் தூங்குகிற குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் மடக்கும் கொக்கியைத் தேடுவார். கப் வைக்கும் வளையத்தில் பாதி குடித்த ஐஸ் காபி. கைப்பிடியில் கட்டிய சின்ன பேட்டரி மின்விசிறி. அடிக்கூடையில் ஈரத் துண்டு, சன்ஸ்கிரீன், பிஸ்கட் பொட்டலம், ஒற்றைச் செருப்பு. இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மடக்கினால்தான் அடியில் உள்ள சாமான் அறைக்குள் போகும். கூடையில் ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டால் மடங்காது. டிரைவர் இறங்கி வந்து ஒரு மிதி மிதித்துச் சரிசெய்வார். பின்னால் நிற்கும் இன்னொரு அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை இப்போதே மடக்கி வைப்போம் என்று நினைக்கவே மாட்டார். ஏன் என்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம். சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால் லிஃப்டை இறக்கி, ஏற்றி, பெல்ட் மாட்ட வேண்டும். அதைச் செய்தாக வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது, நியாயமும் அதுதான். ஆனால் அதற்கான நிமிடங்களை அட்டவணையில் யாரும் ஒதுக்கவில்லை.

காலையில் நடப்பது இவ்வளவுதான். கொஞ்சம் முணுமுணுப்பு, கொஞ்சம் வியர்வை, அப்புறம் போய்விடுவார்கள். உண்மையான கூத்து திரும்பி வரும்போதுதான்.

மேஜிக் கிங்டமின் அமைப்பு அப்படி. கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் கிடையாது. இடையில் ஏழு கடல் ஏரி என்று பெயர் வைத்த ஒரு செயற்கை ஏரி. வெளியிலிருந்து வரும் ஷட்டில்களெல்லாம் ஏரிக்கு இந்தப் பக்கம், டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து மோனோரயில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் 600 பேர் ஏறும் பெரிய படகில் ஏரியைக் கடக்க வேண்டும். காலையில் அது குழந்தைகளுக்குக் குதூகலம். இரவு வாணவேடிக்கை முடிந்து மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கித் திரும்பும்போது அந்த ஏரி எவ்வளவு அகலம் என்று தெரியும். எங்கள் கடைசி பஸ் வாணவேடிக்கை முடிந்த அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். வரைபடத்தில் பார்த்தால் அரை மணி நேரம் தாராளம். படகு வரிசையில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு அது போதவே போதாது. நள்ளிரவுக்கு மேல் டாக்சியில் வந்து இறங்கி, ரசீதை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவர்களைத்தான் முடியாது.

கோடையில் இன்னொன்று சேரும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மத்திய ஃபுளோரிடாவில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது அன்றாடம். மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நனைந்த கூட்டம், சரி, அறைக்குப் போய்ப் படுப்போம் என்று கிளம்பும். எங்கள் அட்டவணையிலோ காலை இரண்டு பஸ்ஸுக்குப் பிறகு மாலை ஆறு மணிக்குத்தான் அடுத்தது.

அப்படி ஒரு மழை நாளில் மாட்டிக்கொண்டவர்கள் நம்மூர்க்காரர்கள். அட்லாண்டாவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வந்த வயதான தம்பதி. வெயில் தாங்காமல் இரண்டு மணிக்கே திரும்ப நினைத்தார்கள். 'நீங்க இருந்து பாருங்கடா, நாங்க பஸ்ல போயிடறோம்' என்று சொல்லிவிட்டு ஏரியைக் கடந்து வந்து, ஆறு மணி வரை அந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மகனுக்குப் போன் செய்தால் அவன் வேடிக்கை பார்ப்பது கெட்டுவிடுமாம். ஹோட்டலுக்கு வந்ததும் அந்த அம்மா என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "ஏன் தம்பி, நடுவுல நாலு மணிக்கு ஒரு பஸ் விட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?" பக்கத்தில் நின்ற பெரியவர், "அவர் என்னம்மா பண்ணுவார், வேலைக்கு இருக்கிற பிள்ளை" என்று அவரை அடக்கினார். நான் அறைக்கு டீ அனுப்பினேன். அதுவும் டீ பேக்தான், என்ன செய்ய.

நஷ்டம் என்ன என்று மறுநாள் மேனேஜரிடமே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பஸ் கம்பெனிக்கு ட்ரிப் கணக்கில் பணம். நடுப்பகல் ட்ரிப் பாதி காலியாகத்தான் ஓடும், அந்தச் செலவை ஆறு ஹோட்டலும் பிரித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்கவில்லை. முன்பதிவுப் பக்கத்தில் 'ஷட்டில் உண்டு' என்று போட ஒரு நாளைக்கு நான்கு ட்ரிப் போதும். ஐந்தாவது ட்ரிப் விட்டாலும் அந்த வரி மாறப் போவதில்லை. இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: அந்த பஸ் ஆட்களை ஏற்றிச் செல்வதற்காகப் போட்டது இல்லை, அறையை விற்பதற்காகப் போட்டது. அறை விற்று முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது. அதற்கு மேல் அது சரியாக ஓடினால் விருந்தினரின் அதிர்ஷ்டம்.

'இலவசம்' என்பதிலும் ஒரு நெளிவு உண்டு. அறை வாடகைக்கு மேல் இரவுக்கு இவ்வளவு என்று ரிசார்ட் கட்டணம் தனியாக வாங்கினோம். அது எதற்கு என்று கேட்பவர்களிடம் காட்டுகிற பட்டியலில் வைஃபை, ஜிம், அப்புறம் இந்த ஷட்டில். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் இந்தக் கட்டணத்தையெல்லாம் சேர்த்து மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி வந்துவிட்டது. நல்லது. விலை முன்கூட்டியே தெரியும். பஸ் வரும் நேரத்துக்கு எந்த விதியும் வரவில்லை.

டிரைவர்களில் ஒருவர் போர்ட்டோ ரிக்கோக்காரர். கிஸ்ஸிமீயில் அந்த ஊர்க்காரர்கள் ஏராளம், 2017-இல் மரியா புயல் அடித்த பிறகு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். காபி குடிக்க உள்ளே வரும்போது பேசுவார். விருந்தினர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போய் அவரையும் திட்டுவார்கள் என்பதால் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல். ஒருமுறை தன் கையிலிருந்த படிவத்தைக் காட்டினார். அட்டவணை நேரம் ஒரு கட்டம், வந்த நேரம் ஒரு கட்டம். இரண்டிலும் ஒரே நேரம் எழுதியிருந்தது. ஏன் என்றேன். உண்மையான நேரத்தை எழுதினால் ஆபீஸிலிருந்து போன் வரும், அட்டவணை நேரத்தை எழுதினால் வராது என்றார். அந்தப் படிவம் மாதக் கடைசியில் பில்லோடு சேர்ந்து எங்கள் ஹோட்டலுக்கு வரும். எங்கள் கணக்குப் பிரிவு அதைப் பார்த்துப் பணம் அனுப்பும். ஆக, காகிதத்தில் அந்த பஸ் ஒருநாளும் தாமதமாக வந்ததே இல்லை.

அதன் பிறகு நானே ஒரு தாளில், பஸ் நிஜமாக வாசலுக்கு வரும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஒன்பது மணி பஸ் பெரும்பாலும் ஒன்பதே காலுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வந்தது, சனிக்கிழமை அதையும் தாண்டியது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் காபி மெஷின் பக்கத்தில் ஒட்டினேன். காலை நேரச் சண்டை பாதியாகக் குறைந்தது. பஸ் வேகமாக ஒன்றும் வரவில்லை. ஒன்பதே காலுக்குத்தான் வரும் என்று தெரிந்தவர்கள் ஒன்பது மணிக்கு வெயிலில் போய் நிற்கவில்லை, உள்ளே உட்கார்ந்து இன்னொரு வாஃபிள் சாப்பிட்டார்கள். காத்திருப்பு அதே அளவுதான். எதற்காகக் காத்திருக்கிறோம், எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொறுமைசாலிகள்.

தாள் நீடிக்கவில்லை. ஒரு விருந்தினர் அதைப் போட்டோ எடுத்து, 'உங்கள் ஹோட்டலே ஒப்புக்கொள்கிறது' என்று எழுதி ரிசார்ட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். மேனேஜர் தாளைக் கிழிக்கச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார்: "அச்சடித்த அட்டவணைக்கு எதிராக நம் கையெழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது." தாள் இழுப்பறைக்குள் போனது. கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்வதற்குத் தடை இல்லை.

நான் வேலைக்கு வந்து போனது அந்த ஊரின் அரசு பஸ்ஸில். லிங்க்ஸ் என்று பெயர், கட்டணம் 2 டாலர். மெதுவாகத்தான் போகும், எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். ஆனால் பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதை போனில் பார்த்துக்கொள்ளலாம். 56-ஆம் எண் 192 சாலை வழியாக நேராக அந்த டிக்கெட் சென்டருக்கே போகும். அறை துடைக்கிற பெண்கள், சமையலறைப் பையன்கள், பூங்காவில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அதில்தான் வருவார்கள். காசு கொடுத்து அறை எடுத்த விருந்தினரைவிடத் தன் பஸ் எப்போது வரும் என்பது பாத்திரம் கழுவுகிற பையனுக்குத் துல்லியமாகத் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த 56-ஐச் சொல்லி அனுப்பினேன். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் மறுநாளும் அதிலேயே போனார்கள்.

நீங்கள் ஆர்லாண்டோ போவதாக இருந்து, ஹோட்டல் பக்கத்தில் ஷட்டில் என்று போட்டிருந்தால், போகும் நேரத்தைக் கேட்காதீர்கள், திரும்பும் நேரங்களைக் கேளுங்கள். நடுப்பகலில் ஒன்று உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உங்கள் ஹோட்டல் வரிசையில் எத்தனையாவது நிறுத்தம் என்று கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு கணம் தயங்கினால் அதுவே பதில்.

வாணவேடிக்கை வரை இருக்கப் போகிறீர்கள் என்றால் திரும்பும் டாக்சிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். படகுக்கும் மோனோரயிலுக்கும் வரிசையில் நிற்க வேண்டாம். மேஜிக் கிங்டம் வாசலிலிருந்து கன்டெம்பரரி என்ற டிஸ்னி ஹோட்டலுக்கு ஒரு நடைபாதை போகிறது, பத்து நிமிட நடை. டாக்சியை அங்கே வரச் சொல்லலாம். இதை எனக்குச் சொன்னது அந்த ஷட்டில் டிரைவர்தான். தன்னுடைய கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தவர்களுக்கு அவரே காலையில் காதோடு காதாகச் சொல்லிவிடுவாராம்.