மாமா முகத்துக்கு நான்கே நிறம்

மாமாவின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். இந்த முறை பேலட்டில், அதாவது நிறம் கலக்கும் பலகையில், நான்கு நிறங்கள்தான்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட், ஐவரி பிளாக். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரால் இதை ஸோர்ன் பேலட் என்பார்கள். 1896இல் அவர் தன்னையே வரைந்த படத்தில், கையிலுள்ள பேலட்டில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற இந்த நான்கையும் பார்க்கலாம். சிவப்புக்கு அவர் வைத்திருந்தது வெர்மிலியன். அதில் பாதரசம் உண்டு, விலையும் அதிகம். இப்போது பலரும் காட்மியம்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

நீலமே இல்லாமல் எப்படி என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்த்து வரும் சாம்பலை ஒரு செம்பழுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீலமாகத்தான் தெரியும். அதே கறுப்பில் ஓக்கரைக் கலந்தால் ஆலிவ் பச்சை. முகத்துக்கு இவ்வளவு போதும்.

வரைய உட்கார்ந்தது மாமா. ஜன்னல் அவருக்கு இடப்பக்கம். “இன்னும் எவ்வளவு நேரம்டா?” என்று அவர் கேட்க, “கொஞ்ச நேரம்தான் மாமா, தலையை மட்டும் ஆட்டாதீங்க” என்று நான் சொல்ல, அப்படியே போனது.

வெள்ளை கேன்வாஸில் எதை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். அதனால் முதலில், அடிப்பூச்சுக்கு மட்டும், இந்த நான்கில் சேராத ரா அம்பர் என்ற பழுப்பை டர்பென்டைனில் கரைத்துப் பூசி, பழைய துணியால் துடைத்துவிட்டேன். அதன்மேல் அதே அம்பரில் வெளிச்சம், நிழல் இரண்டை மட்டும் பிரித்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால் இமை, மீசை எல்லாம் மறைந்து நிழலின் வடிவம் மட்டும் மிஞ்சும். ஆள் அடையாளம் இந்தக் கட்டத்திலேயே வந்துவிட வேண்டும். வராவிட்டால் மேலே எவ்வளவு நிறம் போட்டும் பயனில்லை. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். அடுத்தடுத்த பூச்சில்தான் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்). கீழே எண்ணெய் குறைவாக, மேலே அதிகமாக இருக்க வேண்டும். மாறினால் மேல்பூச்சு முதலில் காய்ந்து பின்னால் வெடிக்கும்.

அப்புறம் தோல். ‘ஃபிளெஷ் டின்ட்’ என்று விற்கும் டியூப் இளஞ்சிவப்பு. மாமாவின் கறுத்த முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பும் சிவப்பும் கலந்து, கொஞ்சம் ஓக்கர் விட்டதும் நல்ல அடர்பழுப்பு கிடைத்தது. கன்ன எலும்புக்குக் கீழே சிவப்பு சற்றுக் கூட. சவரம் செய்த தாடையில் கறுப்பும் ஓக்கரும் கலந்த பச்சைச் சாயல். தாடைக்கு அடியில் வெள்ளைச் சட்டையிலிருந்து வெளிச்சம் திரும்பி அடிக்கிறது. அங்கே நிழல் ஒரு படி தெளியும், ஆனால் வெளிச்சப் பக்கத்தை எட்டவே கூடாது.

நெற்றிப் பளபளப்புக்குத்தான் அதிக நேரம் போனது. அடர்பழுப்பில் வெள்ளையைக் கலந்து வைத்தால் விபூதி பூசியது போல் ஆகிவிடும். கறுத்த தோலில் அந்த மினுமினுப்பு பெரும்பாலும் ஜன்னல் வழியே தெரியும் வானத்தின் பிரதிபலிப்பு; தோலின் நிறம் அதில் குறைவு. ஆகவே கறுப்பு, வெள்ளை கலந்த குளிர்ந்த சாம்பலில் சிவப்பு ஒரு பொட்டு. கெட்டியாக எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தேய்த்தால் போச்சு. 2021இல் மறைந்த ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களின் முகங்களில் வெளிச்சம் விழும் இடங்களை இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறேன்.

கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளையே இல்லை, சாம்பல். உதட்டு ஓரத்தைக் கோடாக விடாமல் உலர்ந்த பிரஷால் கலைத்துவிட்டேன்.

லின்சீட் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், தானே தீப்பிடிக்கக்கூடும். நான் விரித்துக் கொடியில் போட்டுவிடுகிறேன்.

காதும் மூக்குக்கண்ணாடியும் பாக்கி. கண்ணாடியின் நிழல் கன்னத்தில் விழுவதை, இப்போதுள்ள பூச்சு காய்ந்த பிறகு கிளேஸாக, அதாவது அடியிலுள்ள நிறம் தெரியும் மெல்லிய பூச்சாகப் போடப் போகிறேன். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் சட்டையை மாற்றி வரையச் சொல்லி மாமா கேட்காமல் இருந்தால் சரி.