இரண்டாவது ஜாய்ஸ்டிக்

காண்ட்ரா என்ற பழைய வீடியோ கேமின் மூன்றாவது லெவல் ஒரு அருவி. முதல் லெவலில் காட்டுக்குள் பக்கவாட்டில் ஓடியவர்கள் இங்கே பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் முந்தி ஏறினால் திரையும் அவரோடு மேலே போகும். கீழே இருப்பவர் நின்ற பாறை திரையை விட்டே போய்விடும். அவ்வளவுதான், ஓர் உயிர் காலி.

2002 கோடை விடுமுறை முழுக்க விருதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் செத்தது இப்படித்தான். மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் செருகி, அண்ணன் முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொள்வான். இரண்டாவது எனக்கு. நீல பேண்ட் ஆள் அவன், சிவப்பு பேண்ட் ஆள் நான். "அண்ணே நில்லு, நில்லுண்ணே" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். அவன் நிற்க மாட்டான். நான் அழுவேன், அம்மா வந்து டிவியை அணைப்பார்.

அண்ணன் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மேலேயிருந்து பாறாங்கற்கள் விழுந்துகொண்டே இருக்கும், துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏறாமல் நின்றால் அவன் செத்துப்போவான். ஒரே திரை, ஒரே கேமரா. அதை இரண்டு பேர் பங்கு போட வேண்டும். கொனாமி நிறுவனம் 1987-இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் எந்திரத்துக்கு, செய்து மறு வருடம் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த ஆட்டம் இரண்டாவது ஆளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவருக்கென்று ஒரு இடம் அதில் இல்லை.

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். கோவையில் கேம் டிசைன் படிக்கிறான். "அக்கா, இப்ப இருக்குற டெவலப்பர்கள்ல உண்மையிலேயே புதுசா செய்றது யாரு?" என்று கேட்டான். ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். அவன் மனதில் இருந்தது நிழலும் ஒளியும் எவ்வளவு நிஜமாகத் தெரிகிறது, உலகம் எத்தனை கிலோமீட்டர் பெரியது என்பதெல்லாம். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஹேஸ்லைட் என்றேன். அதற்குக் காரணத்தைப் போனில் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹேஸ்லைட் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஸ்டூடியோ. 2014-இல் தொடங்கியது. அதை நடத்தும் ஜோசஃப் ஃபாரெஸ் லெபனானில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு ஸ்வீடன் போனவர். முதலில் சினிமா இயக்குநர். இந்த ஸ்டூடியோவுக்கு முன்பே, 2013-இல், ஸ்டார்பிரீஸ் என்ற வேறொரு நிறுவனத்தில் அவர் இயக்கிய ஆட்டம் 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்'. அதை ஒருவர்தான் ஆட வேண்டும், ஆனால் கையில் இருப்பது இரண்டு பேர். கண்ட்ரோலரின் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி. இடது விரலுக்கு அண்ணனின் பொத்தான், வலது விரலுக்குத் தம்பியின் பொத்தான். ஆடத் தொடங்கிய அரை மணி நேரம் இரண்டு கையும் ஒன்றோடொன்று சண்டை போடும். அப்புறம் பழகிவிடும்.

இதற்கு மேல் அதன் முடிவைச் சொல்லப் போகிறேன். ஆட நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அம்மா நீரில் மூழ்கி இறந்ததைப் பார்த்தவன். நீர் வந்தால் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துபோகிறான். இடது கை சும்மா கிடக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பி முன்னால் தண்ணீர். வலது பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவன் இறங்க மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, எதற்கென்றே தெரியாமல், இடது கையால் அண்ணனின் பொத்தானை அழுத்தினேன். தம்பி நீந்தத் தொடங்கினான். அதுவரை மூன்று மணி நேரமாக அந்த விரலுக்கு அண்ணன் என்று ஒரு பழக்கம் ஏறியிருந்தது. விரலுக்கு ஏறிய பழக்கத்தை வைத்து ஒரு கதையை முடித்திருக்கிறார்கள். சினிமாவில் இதை எப்படியும் செய்ய முடியாது, எழுத்திலும் முடியாது.

ஹேஸ்லைட் ஆரம்பித்த பிறகு அவர் செய்தவை எல்லாம் இரண்டு பேர் சேர்ந்தே ஆட வேண்டியவை. தனியாக ஆட வழியே கிடையாது. 2018-இல் சிறையிலிருந்து தப்பும் 'எ வே அவுட்'. அதில் வரும் இருவரில் ஒருவராக நடித்தவர் ஃபாரெஸின் சொந்த அண்ணன், நடிகர் ஃபாரெஸ் ஃபாரெஸ். 2021-இல் 'இட் டேக்ஸ் டூ', அந்த வருடம் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த ஆட்டம். 2025 மார்ச்சில் 'ஸ்பிலிட் ஃபிக்‌ஷன்'.

இட் டேக்ஸ் டூவை நானும் அண்ணனும் ஆடினோம். அவன் ஷார்ஜாவில் இருக்கிறான், நான் மதுரையில். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை. ஒருவர் வாங்கினால் போதும், இன்னொருவர் 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்' என்று இலவசமாக இறக்கிக்கொண்டு முழு ஆட்டத்தையும் சேர்ந்து ஆடலாம். அவன் வாங்கினான், நான் இறக்கிக்கொண்டேன். பேசுவதற்குப் போட்டிம் செயலி, போன் ஸ்பீக்கரில். பல வருடம் கழித்து இரண்டு பேரும் ஓர் ஆட்டத்தில் உட்கார்ந்தோம்.

விவாகரத்து செய்யப்போகும் ஒரு கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடுகிறார்கள் என்பது கதை. கதையை விட எனக்குப் பிடித்தது கருவிகளைப் பிரித்துக் கொடுக்கும் விதம். ஓரிடத்தில் அவனிடம் ஆணி, என்னிடம் சுத்தியல். அவன் ஆணியைச் சுவரில் எறிந்தால் நான் சுத்தியலை அதில் மாட்டி ஊஞ்சல் ஆடித் தாண்டுவேன். அடுத்த இடத்தில் அவன் பிசின் பீய்ச்சுவான், நான் தீக்குச்சி எறிந்து அதை வெடிக்க வைப்பேன். பின்னால் இன்னோரிடத்தில் காந்தத்தின் ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம். கை பழகுவதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். மற்ற ஸ்டூடியோக்கள் இதில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் அதை வைத்தே முழு ஆட்டத்தையும் ஓட்டியிருக்கும்.

குக்கூ கடிகாரத்துக்குள் நடக்கும் பகுதி நன்றாக நினைவிருக்கிறது. அதில் அவனுக்கு நேரத்தைப் பின்னால் திருப்பும் சக்தி. அவன் பொத்தானைப் பிடித்திருக்கும்வரைதான் நான் போக வேண்டிய பாதை நிற்கும். இரவுப் பணி முடிந்து வந்து சரியாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் பாதி தூரம் போயிருப்பேன், பாதை நழுவியது, விழுந்தேன். "அண்ணே?" பதில் இல்லை. ஸ்பீக்கரில் ஏசி சத்தம் மட்டும். என் திரையின் மறுபாதியில் அவனுடைய பொம்மை சும்மா நிற்கிறது, கேமரா எங்கோ மூலையைப் பார்த்தபடி. தூங்கிவிட்டான். நான் போனை வைக்கவில்லை. என் பொம்மையைக் கொண்டுபோய் அவன் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மறுபாதித் திரை. நாங்கள் ஒரே அறையில் இல்லை. இணையத்தில் ஆடும்போது அவரவர் காட்சி அவரவருக்கு என்று விட்டிருக்கலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஹேஸ்லைட் இணையத்திலும் திரையைப் பிரித்தே வைத்திருக்கிறது. அவன் எங்கே பார்க்கிறான், எதில் தடுமாறுகிறான், எப்போது ஓய்ந்து நிற்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அது சும்மா வருவதில்லை. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தை வரைய 16 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். திரையைப் பிரித்தால் அதே நேரத்துக்குள் ஒரே உலகத்தை இரண்டு இடத்திலிருந்து வரைய வேண்டும். இருவரும் வேறு வேறு மூலையில் நின்றால் இரண்டு மூலையும் நினைவகத்தில் இருக்க வேண்டும். படம் பளபளப்பாக ஆக ஆக ஸ்பிலிட் ஸ்கிரீனைத்தான் முதலில் வெட்டினார்கள். ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவதற்குப் பேர்போன ஹேலோ தொடரே 2015-இல் வந்த ஐந்தாவது பாகத்தில் அதை எடுத்துவிட்டது. அடுத்து வந்த இன்ஃபினிட்டில் கதைப் பகுதியை ஒரே வீட்டில் சேர்ந்து ஆடலாம் என்று சொல்லியிருந்தார்கள், 2022-இல் அதையும் கைவிட்டார்கள். அதே வருடங்களில் ஒரு ஸ்டூடியோ திரையைப் பிரிப்பதை மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டு வளர்ந்தது.

இத்தனை கருவிகளை எப்படி யோசித்துச் செய்ய முடிகிறது என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது, சித்தி மகனுக்கு இது முக்கியம். அவர்கள் பயன்படுத்துவது அன்ரியல் எஞ்சின் என்ற, ஆட்டங்களை உருவாக்கும் மென்பொருள். அதில் ஏதாவது சின்ன மாற்றம் செய்து பார்க்க, சி பிளஸ் பிளஸ் மொழி என்றால் அது கம்பைல் ஆகி, அதாவது கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாறி, முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஹேஸ்லைட் ஆட்கள் ஏஞ்சல்ஸ்கிரிப்ட் என்ற எளிய மொழியை எஞ்சினுக்குள் பொருத்தி, மாற்றியதை உடனே ஓடவிட்டுப் பார்க்க வழி செய்துகொண்டார்கள். அதை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டும்விட்டார்கள். ஒரு யோசனையைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும் என்றால் பத்து யோசனையைத் தூக்கிப்போட மனசு வரும்.

ஹேஸ்லைட் மட்டும்தானா என்றால், இல்லை. இன்னொருவர் கூட இருப்பதைப் பற்றி வேறு விதமாக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் தட்கேம்கம்பெனி செய்த 'ஜர்னி'யில் பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம். அதன் இயக்குநர் ஜெனோவா சென் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். முதலில் ஆட்களை ஒருவரையொருவர் தள்ள முடிகிற மாதிரி வைத்திருந்தார்களாம், உதவிக்காக. சோதித்துப் பார்த்தால் எல்லோரும் கூட வருபவரைப் பள்ளத்தில் தள்ளினார்கள். தள்ளுவதை எடுத்துவிட்டார்கள். இப்போது தொட்டுக்கொண்டு நடந்தால் இருவருக்கும் பறக்கும் சக்தி நிறைகிறது. அதனால் ஒட்டி ஒட்டி நடக்கிறார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான், விதி மட்டும் மாறியது. இதைப் படித்தபோது எனக்கு அருவி நினைவு வந்தது.

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் ஸ்டூடியோவில் ஆட்டங்களை இயக்கும் ஹிதேத்தாகா மியாசாகி சொன்ன கதை ஒன்று உண்டு. பனி விழுந்த மேட்டில் அவர் கார் ஏற முடியாமல் நின்றபோது, பின்னால் வந்த கார்கள் ஒன்றையொன்று தள்ளி மேலேற்றின. யாருக்கும் யாரும் நன்றி சொல்ல நிற்கவில்லை. அவருடைய 'டெமன்ஸ் சோல்ஸ்' ஆட்டத்தில் தெரியாதவர்கள் வந்து உதவிவிட்டுப் போகும் யோசனை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. இன்னொரு ஜப்பானிய இயக்குநரான கொஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்'கில் எங்கோ ஆடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் சாத்திவிட்டுப் போன ஏணியில் நான் பாறை ஏறியிருக்கிறேன்.

ஸ்பிலிட் ஃபிக்‌ஷனுக்கு வருகிறேன். இதில் ஒருவர் கணினியிலும் இன்னொருவர் பிளேஸ்டேஷனிலும் இருந்தாலும் சேர்ந்து ஆடலாம், எங்களுக்கு அதுவே பெரிய வசதி. இரண்டு இளம் எழுத்தாளர்கள், ஒருத்தி அறிவியல் புனைவு எழுதுபவள், இன்னொருத்தி மாயாஜாலக் கதை எழுதுபவள். இருவரின் கற்பனைகளுக்குள்ளும் மாறி மாறிப் போகிறோம். ஃபாரெஸ் தன் இரண்டு மகள்களின் பெயரையே அவர்களுக்கு வைத்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தில், அதுவரை சும்மா ஒரு கோடாக இருந்த திரையின் பிரிவே ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் உலகம், அந்தப் பக்கம் இன்னொன்று. கோடு நகர்கிறது, சாய்கிறது, நாங்கள் அதைத் தாண்டிப் போகிறோம். அண்ணன் போனில் "பாப்பா, இங்க பாரு, இங்க பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தான். முப்பத்தெட்டு வயது ஆள்.

போன தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். கொனாமி தன் பழைய காண்ட்ராக்களைத் தொகுத்து 2019-இல் மறுபடி வெளியிட்டிருந்தது, அதை வாங்கி வைத்திருந்தேன். அதே முன்னறை, வேறு டிவி. அருவி லெவல் வந்ததும் அண்ணன் ஒவ்வொரு பாறையிலும் நின்று எனக்காகக் காத்திருந்தான். பாறாங்கல் விழுந்து செத்தான். மறுபடி நின்றான், மறுபடி செத்தான். மூன்றாவது தடவை நான் முதலில் ஏறினேன். கீழேயிருந்து "பாப்பா, நில்லு" என்றான்.